எழுதுகோல் யார் கையில்?

பிறர் எழுதிய கட்டுரையிற் பிழை காண்டல் எளிய செயல். அப்பிழையை நாமே திருத்தி எழுதிக் கொடுத்தல் அதனினும் எளிது. எழுதியவரே தம் பிழையைக் கண்டு தாமே திருத்திக் கொள்ளுமாறு செய்தலோ மிக அரியது. மாணவர்களே, இவ்வரிய பணி ஆசிரியர்க்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. நும்முட் பலர் வீட்டில் தம்பி தங்கையர்க்குக் கட்டுரை எழுதத் துணைபுரிகின்றீர்கள். வகுப்பில் தோழரது ஏட்டை வாங்கிப் பார்த்துக் கருத்துரைக்கின்றீர்கள். 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்திற் கற்றலை இழந்த சிறுவர்க்கு மாலை வேளைகளிற் கற்பிக்கத் தன்னார்வலர் பல்லாயிரவர் அப்போது முன்வந்தனர். அவருட் பெரும்பாலோர் பெண்கள். ஆசிரியப் பயிற்சி பெறாதவரும், அடுத்த வீட்டு அக்காள் என்னும் உரிமை ஒன்றே உடையவரும் அவர்களுள் இருந்தனர். ஆதலின் பிறர்க்கு எழுதக் கற்பிப்போர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது நும் போல்வார் அனைவரும் சிந்திக்கத்தக்கதொரு பொருளேயாகும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கெனத் தனியிடமே உண்டு. அதனை எழுத்துக்கூடம் எனலாம். தான் எழுதியதைக் கையிற் கொண்டு மாணவன் அங்குச் செல்வான். மற்றொரு மாணவனோ ஆசிரியரோ அவன் அருகமர்ந்து உரையாடுவார். 1984-ஆம் ஆண்டில் ஸ்டீபன் நார்த் என்னும் பேராசிரியர், இக்கூடங்களின் வேலை கட்டுரையைச் சீர்செய்து அனுப்புவதன்று, எழுதுபவனை வளர்ப்பதே என்று வலியுறுத்தி ஒரு கட்டுரை வரைந்தார். எழுத்துக்கூடத்தைச் சலவைக்கூடமாகக் கருதி அழுக்கேட்டைப் போட்டு வெள்ளேட்டை வாங்கிச் செல்ல வந்தவர் ஆண்டும் மிகப் பலராயிருந்தனர் போலும்!

நம் ஊர்களில் நிகழ்வது என்ன? யான் வாழும் அண்ணனூர், திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே இருப்புப்பாதையின் ஓரத்தில் அமைந்தது. மின்தொடர்வண்டிகளைக் கழுவிச் செப்பனிடும் பணிமனை ஒன்று இங்கு உள்ளது. ஓய்வு பெற்ற பின்னர், மாலையில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் சிலர் கட்டுரை ஏடுகளோடு என்னிடம் வருவதுண்டு. ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ‘யான் செய்த தொடர்வண்டிப் பயணம்’ என்னும் தலைப்பில் எழுதிக் கொணர்ந்தான். வானளாவும் மலைகள், வெள்ளி உருகினாற்போன்ற அருவிகள், தோகை விரித்தாடும் மயில்கள் எல்லாம் அதில் இருந்தன. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

“தம்பி, எவ்வூருக்குச் சென்றாய்?” என்றேன்.

“சென்னைக் கடற்கரைக்கு, ஐயா.”

“அண்ணனூரிலிருந்து கடற்கரை நிலையம் வரையில் எந்த மலையைக் கண்டாய்?”

அவன் தலை கவிழ்ந்தான். மலை துணைநூலிலிருந்து வந்தது. மயிலைச் சேர்த்துக் கொடுத்தவன் பன்னிரண்டாம் வகுப்பிற் பயிலும் அவன் அண்ணன்.

“உன் தந்தையார் என்ன தொழில் செய்கின்றார்?”

“பணிமனையில் இரவு வேலை, ஐயா. பெட்டிகளைக் கழுவுகின்றார்.”

“அவ்வேலையைப் பற்றி வீட்டில் ஏதேனும் சொல்வாரோ?”

அவன் முகம் சற்றே மலர்ந்தது. பயணிகள் மறந்துவிட்டுச் செல்லும் பொருள்களைப் பற்றிச் சொல்வாராம். ஒருமுறை குழந்தை ஒன்றின் ஒற்றைச் செருப்பு இருக்கையின் கீழே கிடந்ததாம். மற்றைச் செருப்பு எந்த ஊரில் இருக்குமோ என்று விடியும்வரை நினைத்துக் கொண்டிருந்தாராம்.

“இதனை ஏன் எழுதவில்லை?”

“இதையெல்லாம் கட்டுரையில் எழுதலாமா, ஐயா?”

மறுநாள் அவன் பதினொரு வரிகள் எழுதி வந்தான். ஆறு இடங்களில் எழுத்துப் பிழை. ‘ஒற்றை’ என்பதனை ‘ஒத்தை’ என்றே எழுதியிருந்தான். ஆயினும் முந்தைய கட்டுரையில் அவன் இல்லை; இதில் இருந்தான்.

‘இதையெல்லாம் எழுதலாமா?’ என்று ஒரு பிள்ளை கேட்குமாறு ஆக்கி வைத்தவர் யார்? துணைநூல் செய்வோரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அன்பின் மிகுதியால் ஏட்டைப் பறித்துத் தாமே எழுதிவிடும் அண்ணன்மாரும் அக்காள்மாரும், பெற்றோரும், காலம் போதாத ஆசிரியரும் இதற்குப் பொறுப்பாவர். “தேர்வில் மதிப்பெண் வேண்டாவோ?” என்று சிலர் வினவக்கூடும். வேண்டும், அதனை மறுப்பார் யார்? ஏழைப் பிள்ளைக்கு மதிப்பெண்ணே ஏணி. யானும் பல்லாண்டுகள் விடைத்தாள் திருத்தியவனே. ஒரே மலையும் ஒரே அருவியும் தாள்தோறும் வரக் காணும் திருத்துவோனுக்கு இருபதாம் தாளிலேயே கண் அயர்ந்துவிடும். அவ்வரிசையில் தன் சொல்லால் எழுதியதொரு தாள் வந்தால் நிமிர்ந்து உட்கார்வான். மனப்பாடம் செய்த கட்டுரைக்கு வேறோர் இடையூறும் உண்டு. தலைப்பைச் சிறிது மாற்றிக் கேட்டுவிட்டால், மாணவன் நீந்தத் தெரியாதவன் ஆற்றில் வீழ்ந்தாற்போலத் திகைக்கின்றான்.

கற்பிப்போர் இயல்பினைப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் ஆராய்ந்துள்ளார். நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்பவற்றை உவமை கூறியவர், ஆசிரியர் ஆகாதார்க்கும் நான்கு உவமைகள் வகுத்தார். அந்நான்கனுள் இரண்டு நம் பொருளுக்கு மிகவும் பொருந்தும். ஒன்று கழற்காய் பெய்த குடம். காய்களை ஒவ்வொன்றாக இட்ட குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறை மாறி எல்லாம் ஒருங்கே விழும். கட்டுரையைப் பார்த்த அளவில், “இங்குச் சந்திப் பிழை, அங்கு ஒருமை பன்மை மயக்கம், முன்னுரை நீளம், முடிவுரை இல்லை, கையெழுத்தும் அழகில்லை” என்று ஒரே மூச்சிற் கொட்டுவார் இவ்வகையினர். கேட்டவன் நெஞ்சில் எதுவும் தங்குவதில்லை. தான் எழுதத் தகுதியற்றவன் என்னும் எண்ணம் ஒன்றே தங்கும். மற்றொன்று மடற்பனை. கருக்கு மட்டையால் தன்மேல் எவரையும் ஏறவிடாது. தானாக உதிர்க்கும் பழத்தையே பிறர் பொறுக்கிக் கொள்ள வேண்டும். கேள்வி கேட்க இடங்கொடாது திருத்திய தாளை மட்டும் வீசும் அண்ணன் இம்மடற்பனையின் உறவினன் அல்லனோ?

அந்நூலே மாணவர்க்கு ஊக்கம் தரும் செய்தி ஒன்றும் கூறுகின்றது. ஆசிரியர் சொல்லை நன்கு கேட்டவனுக்கும் கல்வியிற் காற்பங்கே கைவரும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும் என்பது அதன் கணக்கு. தம்பியின் கட்டுரைக்குச் செலவிடும் அரைமணி நேரம் வீண் என்று முணுமுணுப்பவர் இக்கணக்கைப் பார்ப்பாராக.

மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறை நம் திண்ணைப் பள்ளிகளிற் பண்டே இருந்தது. சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் சிறுவர்க்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பான். இம்முறை சென்னையிலிருந்து கடல் கடந்து சென்ற வரலாறு சுவையுடையது. ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார், 1789-ஆம் ஆண்டிற் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லம் ஒன்றன் மேற்பார்வையாளரானார். நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதை அவர் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்ய விழைந்தார், ஆசிரியர்கள் உடன்படவில்லை. ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அச்சிறுவன் செவ்வனே நடத்தினான். பெல் தாயகம் திரும்பி 1797-இல் இதனை நூலாக வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்னும் பெயரால் இங்கிலாந்திற் பரவிற்று. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ருஸ் நகரில் ‘மதராஸ் கல்லூரி’ என்னும் பெயருடைய பள்ளி இன்றும் உளது.

பெருமைக்குரிய செய்திதான். எனினும் எட்டு வயதுச் சிறுவன் கற்பித்தது எழுத்து, கட்டுரையன்று. ‘அ’ என்பதற்கு ஒரே வடிவம். அதனைக் காட்டி அவ்வாறே எழுதச் செய்யலாம். கருத்துக்கு அவ்வாறு முன்வரைந்த வடிவம் ஏது? சட்டாம்பிள்ளை முறையை அப்படியே கட்டுரைக்குக் கொணர்ந்தால், நாற்பது பிள்ளைகளும் ஒரே மலையைக் காண்பர். கட்டுரை கற்பிப்போனுக்குப் பிரம்பும் வேண்டா, மாதிரிப் படிவமும் வேண்டா. அவனுக்கு வேண்டுவது கேட்கும் செவி.

அச்செவி உடையாராக வாழ்ந்த பெருமகனார் ஒருவரை நினைவு கூர்கின்றேன். அவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1871-ஆம் ஆண்டில் மாயூரத்தில் உ. வே. சாமிநாதையர் அவரிடம் மாணாக்கராய்ச் சேர்ந்தார். தொடக்கத்திற் சவேரிநாத பிள்ளை என்னும் மூத்த மாணாக்கரே ஐயருக்குப் பாடம் சொன்னார். அவர் கிறித்தவர். ஆசிரியரின் மடியில் அமர்ந்தாற்போல மாணாக்கர்க்கு மாணாக்கர் கற்பித்த கல்விக்கூடம் அது. சாதியும் சமயமும் ஆண்டுக் குறுக்கிடவில்லை. ஆயினும் ஐயரின் உள்ளம் ஆசிரியரிடமே நேரிற் பாடங் கேட்க அவாவிற்று. பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்து மரஞ்செடிகளை நாள்தோறும் சுற்றிப் பார்த்து, எங்கேனும் புதுத்தளிர் விட்டிருக்கின்றதோ என்று ஆராய்ந்து மகிழ்வார். அதனை அறிந்த ஐயர் அவர்க்கு முன்னரே எழுந்து, தளிர்த்த இடங்களைக் கண்டுவைத்துக் காட்டலானார். அதன் வழியே ஆசிரியரின் அன்பு தம்பாற் பெருகியதை ஐயர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

இந்நிகழ்ச்சியைப் பலர் மாணாக்கனின் சாதுரியத்துக்குச் சான்றாகக் கூறுவர். எனக்கு அது ஆசிரியரின் கண்ணுக்குச் சான்றாகத் தோன்றுகின்றது. உதிர்ந்த சருகை எண்ணாது தளிரைத் தேடிய கண் அது. கட்டுரை ஏட்டைக் கையில் வாங்கும் போது நாமும் முதலில் தளிரையே தேட வேண்டும். பதினொரு வரியில் ஒற்றைச் செருப்பு இருந்ததே, அது தளிர். “இந்த வரியைப் படிக்கும்போது உன் தந்தையார் என் கண்முன் நின்றார்” என்று அவனிடம் சொல்லலாம். “மிக நன்று” என்னும் பொதுப் புகழ்ச்சி எந்தக் கட்டுரைக்கும் பொருந்துவது. ஆதலின் எந்தக் கட்டுரைக்கும் பயன்படாதது. இன்ன வரி, இன்ன காரணத்தால் நன்று என்று சுட்டினால்தான் எழுதியவன் அடுத்த முறையும் அவ்வழியிற் செல்வான்.

‘அவ்வாறாயின் பிழையைத் திருத்த வேண்டாவோ?’ என்று நீவிர் கேட்கலாம். இலக்கணம் கற்று வயிறு வளர்த்தவன் அங்ஙனம் சொல்வேனோ! திருத்த வேண்டும், ஆனால் பொருளைக் கேட்ட பின்னரே திருத்த வேண்டும். சந்தியையே எடுத்துக் கொள்வோம். ‘அவனிடம் வேலை கொடு’ என்று ஒருவன் எழுதுகின்றான். இரண்டாம் வேற்றுமை உருபின்பின் வல்லெழுத்து மிகும் என்னும் விதி நினைவுக்கு வர, நீ விரைந்து ஒரு ‘க்’ சேர்த்துவிடுகின்றாய். அவன் சொல்ல வந்தது தொழில். நீ அவன் கையில் முருகனது வேலைக் கொடுத்துவிட்டாய்! ‘தந்த பலகை’ ஒருவர் கொடுத்தது. ‘தந்தப் பலகை’ யானைக் கொம்பாற் செய்தது. ஓர் ஒற்றில் இத்துணைப் பொருள் மாறுமாயின், எழுதியவனைக் கேளாது திருத்தும் உரிமை நமக்கு ஏது? “நீ எதனைச் சொல்ல எண்ணினாய்?” என்னும் வினாவே திருத்தத்தின் முதற்படி. அவ்வினாவுக்கு விடை சொல்லும்போதே பெரும்பாலான பிள்ளைகள் தம் பிழையைத் தாமே கண்டுகொள்வர்.

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அரங்கேறியபோது அதங்கோட்டாசான் அதனைக் கேட்டார் என்பது பழஞ்செய்தி. அவர் குற்றம் குற்றமாக வினவினார் என்றும், தொல்காப்பியர் ஒவ்வொன்றற்கும் விடை இறுத்தார் என்றும் உரைகாரர் கதை கூறுவர். ஆசான் கடுமையானவர்தான். ஆயினும் அவர் ஒரு நூற்பாவையும் தாமே மாற்றி எழுதியதாக அக்கதை கூறவில்லை.

உ. வே. சாமிநாதையரும் பிறர் எழுத்தைத் தொடுவோர்க்கு நல்லதொரு வழிகாட்டியாவார். 1887-இற் சீவகசிந்தாமணியை அச்சிட்டபோது விளங்காத இடங்கள் அவர்க்குப் பல இருந்தன. விளங்கவில்லை என்பதற்காகத் தம் மனம்போன சொல்லை இட்டு நிரப்பாது, சுவடிகளை ஒப்பு நோக்கியும், சமண சமயத்தாரிடம் சென்று கேட்டும் தெளிந்தார். திருத்தக்க தேவர் மறைந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆயின. அவரை எழுப்பிக் கேட்க இயலாது. நம் தம்பியோ பக்கத்திலேயே அமர்ந்திருக்கின்றான். அவனைக் கேட்பதற்கு என்ன தடை?

எங்கள் வட்டாரத்துக்கே உரியதொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1960-களில் ஆவடியிற் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரிற் பெருந்தொழிற்பேட்டையும் எழுந்தன. அவற்றை நாடிப் பல நாட்டு மக்கள் இங்குக் குடியேறினர். அதனால் தெலுங்கு, மலையாளம், இந்தி முதலிய மொழிகளை வீட்டிற் பேசும் பிள்ளைகளும் எம் தெருக்களில் தமிழ் பயில்கின்றனர். அவர்கள் ஏட்டில் ‘ர’கரமும் ‘ற’கரமும் இடம் மாறும், ‘ழ’கரம் ‘ள’கரமாகும். இதனைக் கண்டு நகைப்பார் சிலர். தமிழையே தாய்மொழியாகக் கொண்டார் நாவில் ‘ழ’கரம் படும் பாட்டை அவர் செவி கேட்டதில்லை போலும். இத்தகைய பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு வகைப் பிழையை மட்டும் காட்டுதல் நலம். இன்று ‘ர, ற’. அது நிலைத்த பின்னர் மற்றது. சொல்லை உரக்கச் சொல்லச் செய்து, அதன் இனச்சொற்களையும் சேர்த்து எழுதச் செய்தால் விரைவிற் பழகும். அவன் வீட்டு மொழியில் அதனை எவ்வாறு கூறுவர் என்று கேட்டறிதல் நமக்கும் ஊதியமே.

அமரும் முறையிலும் கருத்து வேண்டும். ஏட்டை நம் முன் இழுத்து வைத்துக் கொண்டால், எழுதியவன் எட்டி நின்று தீர்ப்புக்குக் காத்திருக்கும் குற்றவாளியாவான். ஏடு அவன் முன் இருக்கட்டும். நாம் பக்கத்தில் இருப்போம். அவனே உரக்கப் படிக்கட்டும். நா தடுமாறும் இடத்தில் வாக்கியம் பெரும்பாலும் பழுதுபட்டிருக்கும். நாம் சுட்டாமலே அங்கு அவன் நின்று, எழுதுகோலை எடுப்பான். அப்போது பேசாதிருத்தல் வேண்டும். இது தான் எல்லாவற்றிலும் கடினம். விடை நம் நாவின் நுனியில் நிற்கும். அவன் கூரையைப் பார்த்துக் கொண்டிருப்பான். பார்க்கட்டும்.

விடிந்தாற் கொடுக்க வேண்டிய கட்டுரையை இரவு ஒன்பது மணிக்குக் கொணர்ந்து, “அண்ணா, நீயே எழுதிக் கொடுத்துவிடு” என்று கண் கலங்கும் தங்கையை என் செய்வது? விதி பேசி விரட்டுதல் அன்பன்று. எழுதிக் கொடுத்தலும் உதவியன்று. இதற்கு ஒரு வழி உண்டு. மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் பாடல்களைச் சொல்லச் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். சொல் அவருடையது, கை இவருடையது. அவ்வாறே தங்கை வாயாற் சொல்ல, நீ எழுது. அவள் “ஒத்தை” என்றால் “ஒத்தை” என்றே எழுது. நடுவில் நின்றுவிட்டால், “பிறகு என்ன நடந்தது?” என்று மட்டும் கேள். அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்காதே. மயில் எதுவும் பறந்து வர வேண்டா. முடிந்ததும் அத்தாளை அவளிடம் கொடுத்து, அவள் கையாலேயே ஏட்டிற் படியெடுக்கச் செய். எடுக்கும்போது இரண்டோர் இடத்தில் நின்று, “இது சரியில்லை, அண்ணா” என்று அவளே சொல்லை மாற்றுவாள்.